நான்காவது கோப்பை

ஒயினுக்குப் பேர்போன சொனோமா பள்ளத்தாக்கில், காலையிலிருந்து மூன்று திராட்சைத் தோட்டங்களில் வண்டியை நிறுத்தி ருசி பார்த்தாயிற்று. எங்கேயும் லோர்னா ஒயினை முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று தள்ளி வைத்தாள்.

நான்காவது தோட்டத்தில், 'இந்தக் கோப்பையாவது கைகொடுக்கணும் ஆண்டவரே' என்று அவள் கணவர் வாரன் மனதுக்குள் ஜெபித்தார்.

"செர்ரிப்பழ வாசனை தூக்கும், பாருங்கம்மா" என்று ஊற்றித் தந்தாள் பணிப்பெண்.

முகர்ந்த லோர்னா சட்டென்று நிமிர்ந்தாள். "யாரு இங்க சென்ட் போட்டிருக்கிறது?"

பணிப்பெண் வெளிறிப்போனாள். ஒயினின் மணத்தைக் கெடுக்கும் என்று அங்கே சென்ட் போடவே கூடாது.

"மறந்து போட்டுட்டேம்மா. முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

வாரன் கண்கலங்கி அவள் கைகளைப் பற்றினார்.

"நீ நல்லா இருக்கணும் மகளே! காய்ச்சல்ல படுத்து எழுந்ததுலேருந்து, ஒன்றரை வருஷமா இவளுக்கு எந்த வாசனையும் தெரியல."

"ரோஜா, வாரன்!" என்றாள் லோர்னா. "ரோஜா!"