கூடப்பிறந்தால் பாதிக் கட்டணம்

குழந்தைகள் காப்பகத்துக்குள் வழுக்கைத்தலைக்காரர் நுழைந்தார். அவர் தோளில் கிடந்த கைக்குழந்தையின் அலறலில் ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் கிடுகிடுத்தன.

"கூடப்பிறந்தவங்களுக்குப் பாதிக் கட்டணம்னு போர்டு தொங்குதே, இவனை அதுல சேர்த்துக்கலாம்ல?"

"முடியாது" என்றாள் காப்பகத்துக்காரி.

"முழுக் கட்டணம்னா என் பென்ஷன் காலி! நாளைக்கு இவன் அம்மா வேலைக்குப் போயாகணும்."

"இவனோட அண்ணனோ அக்காவோ இந்தக் காப்பகத்துல இருக்கணும். அதான் விதி."

"இருக்காளே!"

"எங்க? இங்க இருக்கிற வாலுங்க அத்தனையும் எனக்கு அத்துப்படி."

"வாலுங்களை விடு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நீ இங்கதானேம்மா இருக்கே!"

அவள் கை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்கப்பா, மூணாவதுக்குச் சலுகை கிடையாது!"