பேட்டின் நடுவில் சிவப்பு

சனிக்கிழமை இரவு எட்டரை இருக்கும். குசினிப் பக்கமிருந்து ஒரு சத்தம். டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் டொக். யாரோ துணியைச் சுற்றிக்கொண்டு மரத்தில் தட்டுவதுபோல.

லைட்டைப் போட்டேன். மூலையில் குமரப்பன் குந்தியிருந்தான். என் மகன், பத்து வயது. மடியில் துவாய், அதற்கு மேல் அவனுடைய கிரிக்கெட் பேட், கையில் பழைய சிவப்புப் பந்து.

"என்னடா செய்றாய் இருட்டுக்குள்ள?"

"மெதுவா அம்மா. அப்பா நியூஸ் பார்க்கிறார்."

பேட்டின் நடுவில் புதிதாக ஏழெட்டுச் சிவப்புத் தழும்புகள். பந்தால் குத்திக் குத்தி அவனே பதித்தவை.

எனக்கு விளங்கிவிட்டது. என் கணவருக்குப் புறக்கோட்டையில் புடவைக் கடை. சனிக்கிழமை மேட்ச் பார்க்க வர முடியாது. ஞாயிறு காலை மகனின் பேட்டை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் புடவை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பந்தின் சிவப்பு நடுவில் பட்டிருந்தால் பிள்ளை ஒழுங்காக அடித்திருக்கிறான். ஓரத்தில் மட்டும் இருந்தால் இல்லை.

"இண்டைக்கு எத்தனை ரன்?"

"டக். ஒரு ரன்னும் இல்ல."

"ஆர் இந்தக் கள்ள வேலை பழக்கினது?"

தலையைக் குனிந்துகொண்டான். "எங்கட கோச் ஷிப்லி சேர்தான். பந்தும் அவர்தான் தந்தவர்."

கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் படித்தவள் நான். அங்கே ஒரு பொய்க்கு அரை மணித்தியாலம் முழங்காலில் நிற்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோச் என்றால் ஒரு ஒழுக்கம் வேண்டாமா? பிள்ளையைச் சேர்க்கும்போது கிரிக்கெட் கிளப்பில் நடத்தை விதி என்று இரண்டு பக்கப் பேப்பர் தந்தார்கள். கோச்சும் பெற்றோரும் கையெழுத்து வைத்தோம். 'பிள்ளைகளுக்கு நேர்மையைப் பழக்குவேன்' என்பதுதான் அதில் முதல் வரி.

ஞாயிறு காலை கணவர் பேட்டைப் பார்த்தார்.

"எத்தனைடா?"

"முப்பத்திரண்டு, அப்பா."

"ம். பரவாயில்லை."

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஹெவ்லொக் டவுன் கிரவுண்டுக்குப் போனேன். பிள்ளைகள் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஷிப்லி மாளிகாவத்தைப் பெடியன். முப்பது வயதுகூட இருக்காது. புல்லில் கிடந்த பந்துகளை வாளிக்குள் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், பிள்ளைக்குப் பொய் சொல்லவா பழக்குறீங்கள்?"

கொண்டுபோன பேப்பரை நீட்டினேன். மறுப்பார் என்று நினைத்தேன்.

"ஓம் மிஸ். பந்தும் நான்தான் குடுத்த."

"இதுக்கா ஃபீஸ் கட்டுறம்? நான் கமிட்டிக்கு எழுதப் போறன்."

"எழுதுங்க. ஆனா ரெண்டு பிழை எண்டு எழுதுங்க மிஸ்."

பேப்பரைத் திருப்பி இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தார். 'பிள்ளையின் உடலில் காயம் கண்டால் உடனே அறிவிப்பேன்.'

"மூணு கிழமைக்கு முந்தியும் இவன் டக். திங்கக்கிழமை வந்தா பந்து போடக் கை தூக்க ஏலா. வீங்கி நீலமா இருந்திச்சு. என்னடா எண்டு கேட்டன். பாத்ரூம்ல விழுந்திட்டன் எண்டான்."

"ஓம் சேர், விழுந்தவன்தான்" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே.

"பிறகு இன்னொண்டும் சொன்னான் மிஸ். 'அம்மாவும் அங்கதான் விழுறவ' எண்டு."

முந்தானையை முழங்கைக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தபடியே கதைத்தார்.

"நான் அறிவிச்சா, இவன இங்க அனுப்ப மாட்டாங்க. பிறகு இவன்ட கையப் பாக்க ஒரு ஆள் இல்ல. அந்தப் பயத்துலதான் பந்தக் குடுத்த. ஆனா எத்தனை கிழமைக்கு இப்பிடிக் குத்திட்டு இருக்கிற? நாளைக்குச் சிறுவர் பாதுகாப்பு ஆக்களுக்குச் சொல்லப் போறன்."

"வேண்டாம் சேர். அவர் நல்ல மனுசன். கோபம் மட்டும்தான்."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது என் வாயிலிருந்து.

ஷிப்லி பேப்பரை மடித்து என்னிடமே தந்தார். "நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க தானே, மிஸ்."

மகனும் நானும் வெள்ளவத்தை வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

ஏழரைக்குக் கடையிலிருந்து அவரின் ஃபோன் கோல் வந்தது.

"சனிக்கிழமை உன் மகன் டக்காமே. கடைக்கு வந்த ஆள் சொல்லிச் சிரிக்கிறான். வாறன்."

வைத்துவிட்டார்.

குமரப்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பத்து வயதுப் பிள்ளை, நாளைக்கு என்ன யூனிஃபோம் என்று கேட்பதுபோல் கேட்டான்:

"அம்மா, இந்த முறையும் பாத்ரூம் எண்டே சொல்லட்டா?"



"வேண்டாம்" என்றேன். "உள்ளதைச் சொல்லு."

ஷிப்லிக்கு மெசேஜ் அனுப்பினேன். 'நாளை வரை வேண்டாம் சேர். இப்பவே சொல்லுங்கோ. நானும் சொல்றன்.'

படியில் சப்பாத்துச் சத்தம். முன்கதவுப் பூட்டில் திறப்பு திரும்பியது.

"எங்கடி அவன்?"

வழக்கமாக, "இங்க இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு நான்தான் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிடுவேன், ஒன்றும் கேட்காமலிருக்க.

இன்றைக்கு மகனை அறைக்குள் தள்ளி, நானும் உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டேன்.