இரண்டாம் சுற்று

இதில் ஓர் எழுத்துப் பொய் இருந்தாலும் சொன்னவன் நாக்கு அழுகட்டும்; போன மாதம்தான் புதிதாக மாட்டிய நாக்கு.

மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் எல்லோரையும் போல, தாரிணியும் பயிற்சி மையத்தின் குரலைக் காதுக்குள் பதித்திருந்தாள். யார் என்ன கேட்டாலும் அது எடைபோட்டுச் சொல்லும். எளிதென்றால் உடனே பதில். கடினமென்றால், எளிதையெல்லாம் முடித்துவிட்டு வரும் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். தப்பாகச் சொன்னால் இருக்கிற மதிப்பெண்ணிலும் கழித்துவிடுவார்களே.

கோவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டார். "ஏங்கண்ணு, நான் பொழச்சுக்குவனா?"

"கடினம், விடு" என்றது குரல். தாரிணி ஜன்னலைப் பார்த்தாள்.

"செரி, சாப்டியா?"

"எளிது" என்றது குரல்.

"சாப்ட்டேன்ப்பா!"

"அதுக்கு மட்டும் டக்குன்னு வருது பாரு." அப்பா சிரித்தார், இருமினார்.

நர்ஸ் வெளியே கூப்பிட்டு அப்பாவின் வயது, ரத்தவகை என்று கேட்டதற்கெல்லாம் தாரிணி மளமளவென்று பதில் சொன்னாள். அப்புறம்தான் குரல், "இரண்டாம் சுற்று" என்றது. "பொழச்சுக்குவீங்கப்பா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே ஓடினாள். போர்வையை முகம்வரை இழுத்து மூடியிருந்தார்கள்.

போர்வையை விலக்கி, அவர் காதோரம் விடையைச் சொன்னாள்.

அந்த வருடத் தேர்வில் தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் வழக்கமே கிடையாது.