மஞ்சள் வைக்கும் இடம்

விஜயராணி இந்த முறை உட்காரவில்லை.

போன இரண்டு முறையும் உட்கார்ந்தாள். டீ குடித்தாள். முதலாளி மஞ்சள் வைத்துக் கொடுத்த செக்கை, சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் மரியாதைக்குக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

இரண்டு செக்கும் திரும்பி வந்தன. பணமில்லை என்று அல்ல. ‘மெஷினால் படிக்க முடியவில்லை, வேறு செக் வாங்கி வரவும்’ என்று.

பணமில்லாமல் திரும்பினால் கேஸ் போடலாம். மஞ்சள் பட்டுத் திரும்பினால் யார் மேல் போடுவது? முருகன் மேலா?

நாசரேத் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் கம்பெனி பனியனுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிற ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறாள். பதினோரு பெண்கள். இரண்டு சனிக்கிழமைக் கூலி பாக்கி. இந்தச் சனிக்கிழமையும் இல்லையென்றால் திங்கள்கிழமை அடுத்த தெரு ஷெட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

இன்று வியாழன். மணி பத்தேகால். பதினொன்றுக்குள் பேங்கில் போட்டால் நாளை சாயங்காலம் பணம் ஏறும்.

முதலாளி நஞ்சப்பனுக்கும் பதினொன்றுக்குத்தான் அவசரம். சங்கக் கட்டடத்தில் ‘காகிதமில்லாத திருப்பூர்’ கருத்தரங்கு. அவர்தான் தலைமை உரை. அழைப்பிதழ் எண்ணூறு அடித்திருந்தோம். கனத்த அட்டை, தங்க எழுத்து, உள்ளே கண்ணாடி மாதிரி இன்னொரு தாள்.

உரையை எழுதியது நான். கணக்கு எழுதுகிறவன்தான் இந்தக் கம்பெனியில் கவிஞனும். “காசோலையின் காலம் முடிந்தது, அன்பர்களே!” என்று ஆரம்பம். முதலாளி அதைக் கண்ணாடி முன் நின்று மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தரம் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

“அண்ணாச்சி, கம்ப்யூட்டர்லயே என் கணக்குக்கு அனுப்பிருங்களேன். நம்பர் குடுத்து ஒரு மாசமாச்சு,” என்றாள் விஜயராணி.

“அந்தப் பொட்டீல லச்சுமி இருக்கறாளா அம்மிணி? செக்குன்னா கையில வாங்கறம், மஞ்ச வெக்கறம். ராசின்னு ஒண்ணு இருக்குதல்லொ?”

சொல்லிவிட்டு, காலம் முடிந்துபோன செக் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நான் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளை மோதிர விரலால் தொட்டார். கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார்.

மூடிய கண்ணோடு, விரல் வழி தவறாமல் செக்கின் அடியோரம் போனது. மெஷின் படிக்கிற எண் வரிசை மேல் ஒரு கோடு இழுத்தது. விபூதிப் பட்டை மாதிரி, பக்தியாக.

விஜயராணி செக்கை வாங்கவில்லை.

மேசையில் இன்னொரு செக் கிடந்தது. கரண்ட் பில்லுக்கு. இன்று கடைசி நாள். அது திரும்பினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், முப்பத்திரண்டு மெஷின் நிற்கும். அதிலும் மஞ்சள் இருந்தது. மேல் மூலையில், ஒரு பொட்டு. கடுகளவு.

அவள் தன் செக்கைப் பார்த்தாள். கரண்ட் செக்கைப் பார்த்தாள். மறுபடி தன் செக்கை.

எனக்குக் காதோரம் வியர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் கிண்ணத்தில் விரலை விட்டாள். நுனி மட்டுமல்ல, முதல் கணு வரைக்கும்.

“கரண்டு செக்குல கீழ வைக்க மறந்துட்டியளே அண்ணாச்சி. நான் வச்சிருதேன்.”

விரல் இறங்கியது. எண் வரிசைக்கு மேலே, நூலிழை உயரத்தில் நின்றது. நுனியில் மஞ்சள் சொட்டாகத் திரண்டது.

“கீழ வேண்டா அம்மிணி!”

அந்தச் சத்தத்தில் வெளியே பேக்கிங் மேசையில் வேலை நின்றது.

விஜயராணி விரலை எடுக்கவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். இருபது வருஷமாகப் பதில் சொல்லியே பனியன் விற்கிறவர். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

மணி பத்து முப்பத்தைந்து.

“கன்னையா, இன்னொரு லீஃப் எழுதப்பா,” என்றார் முதலாளி, மெஷின் படிக்க முடியாத குரலில்.

எழுதினேன். கையெழுத்தானதும் அவர் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. கணக்கில் பணம் இருந்ததா என்று கேட்பீர்கள். எப்போதும் இருந்தது. அடுத்தவர் பணம் நம் கணக்கில் பதினைந்து நாள் கூடுதலாகத் தூங்கினால், எங்கள் கம்பெனியில் அதற்குப் பெயர் நிர்வாகம்.

விஜயராணி செக்கை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டாள். கட்டின் மேலாக இருந்த அழைப்பிதழில், தங்க எழுத்தின் மேல் விரலைத் துடைத்தாள். ஓடவில்லை. ஆனால் வேகமாக நடந்தாள்.

பதினொரு மணிக்கு மேடையில் முதலாளி என் உரையைப் படிக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மனதிலிருந்து பேசினார்.

“காகிதத்தை நம்பாதீங்க. துளி மஞ்ச பட்டாப் போதும், மெஷின் படிக்காது. ஏழைபாழைங்க கூலி நின்னு போகும்!”

அரங்கம் எழுந்து கைதட்டியது. பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டி, இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். எல்லாம் முதலாளியின் சொந்தச் சரக்கு என்றேன்.

அடியோரம் மஞ்சள் பட்டால் மெஷின் படிக்காது என்று போன ஆடியில் நான்தான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்த மாதமே எனக்கு ஆயிரம் ரூபாய் சம்பள உயர்வு.

அன்றிலிருந்து சம்பளத்தை ரொக்கமாகத்தான் வாங்குகிறேன்.