ஒரு குடம் குறைகிறது

குஜிலியம்பாறை வெயிலில் வாசல் முழுக்கப் பித்தளை கண்ணைக் கூசுகிறது. கனகாவையும் அவள் புருஷனையும் பஞ்சாயத்தார் நேற்றுப் பிரித்துத் தீர்த்துவிட்டார்கள். அவள் கொண்டுவந்த சீரை ஏற்றிப்போக மாட்டுவண்டி நிற்கிறது. கல்யாணத்தன்று இரு வீட்டாரும் எழுதிக்கொண்ட பட்டியல்கள் இன்று எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றைக் கனகாவின் அண்ணன் காமராஜ் வாசிக்கிறான். மற்றொன்றில் மாமியார் ராக்கம்மாள், எறும்பை நசுக்குவதுபோல, வரிவரியாக விரலை அழுத்துகிறாள். “அண்டா ஒண்ணு” என்கிறான். “கொண்டு போ” என்று அவள் காலால் தள்ள, அண்டா உருண்டு கல்லில் மோதி அலறுகிறது. வேப்பமரத்தடியில் புருஷன் முதுகைக் காட்டிப் பீடி குடிக்கிறான்.

“குடம் நாலு” என்கிறான் காமராஜ். “மூணுதேன்” என்கிறாள் ராக்கம்மாள். அவன் அவளுடைய தாளைப் பிடுங்குகிறான். எழுத்தெல்லாம் வெளிறிக் கிடக்க, நாலை அடித்து மூணாக்கிய மை மட்டும் புது நீலமாக இருக்கிறது. கனகா கேட்கிறாள்: “போன தையில என் பேரச் சுரண்டிட்டு, உங்க மக பேர வெட்டி, அவ சீரோட அனுப்புனீகளே, அந்தக் குடம் எங்க?” ராக்கம்மாள் காறித் துப்புகிறாள். “ஒரு குடத்துக்கா இம்புட்டு வாயி? காச வீசுறேன், பொறுக்கிக்கிட்டுப் போ.” கனகா வண்டியில் ஏறி உட்காருகிறாள். “காசு வேணாம். வண்டி உங்க மக வீட்டு வழியாத்தேன் போகுது. அவ மாமியாகிட்டயே கேட்டு வாங்கிக்கிறேன்.” காலையிலிருந்து போ, போ என்று விரட்டிய ராக்கம்மாள், ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.