குறை இல்லாத மீன்

“இதுவும் வேண்டாம். மூஞ்சி சரியில்ல” என்றார் தோகுஜிரோ.

மிசுஹோ பல்லைக் கடித்துக்கொண்டாள். ஐஸ் மேல் படுத்திருந்த சங்கரா மீனுக்கு மூஞ்சி எப்படி இருந்தால் இவருக்கு என்ன?

நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். விருந்தில் தலையும் வாலுமாக முழுசாகச் சுட்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வைக்க ஒரு சிவப்பு மீன் வேண்டும். அவ்வளவுதான். அதற்காகக் காலையிலிருந்து கனசாவா சந்தை முழுக்க அவளை இழுத்தடிக்கிறார். ஒரு கடையில் வால் வளைந்திருந்ததாம். ஒன்றில் செதில் உதிர்ந்திருந்ததாம். இன்னொன்று ரொம்பச் சிவப்பு, சாயம் பூசின மாதிரி இருக்கிறதாம். அவள் முன்கூட்டியே சொல்லிவைத்த கடையில், கட்டித் தயாராக இருந்த மீனைப் பிரிக்கச் சொல்லி, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டினார். கடைக்காரரிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டது மிசுஹோதான்.

இத்தனைக்கும் மீனைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆயுள் முழுக்க டவுன் பஸ் ஓட்டியவர். வீட்டில் மீன் வாங்குவது, கழுவுவது, சுடுவது எல்லாம் அவள். தட்டில் வைத்ததைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிற மனிதருக்கு இன்று மட்டும் என்ன வந்தது?

நண்டு வரத்து தொடங்கிய வாரம். சந்துக்குள் காலை வைக்க இடமில்லை. அவருடைய ஈரக் குடை போவோர் வருவோர் மேலெல்லாம் சொட்டியது. நடுவில் பசி வேறு வந்துவிட்டது. வரிசையில் நின்று இறால் கட்லெட் வாங்கி, ஊதாமல் கடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பிறகு குச்சியில் செருகிச் சுட்ட விலாங்கு ஒன்றை அவள் கையில் திணித்தார். காலையிலிருந்து நீ ஒன்றும் சாப்பிடவில்லை, இதைத் தின்றால்தான் அடுத்த கடைக்கு நகர்வேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். தலை அலங்கார ஒத்திகைக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் அவள் விழுங்க, அதன் சாறு வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

கடைசியில் சுற்றிச் சுற்றி, முதலில் வேண்டாம் என்ற இசோனோ அம்மாளின் கடைக்கே திரும்ப வந்து நின்றார்கள். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் வேறொரு மீனைத் தூக்கிக் காட்டினாள். துடுப்பு கிழிந்திருக்கிறது என்றார் தோகுஜிரோ.

மிசுஹோவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்பா, கல்யாணம் எனக்கா, உங்களுக்கா? துடுப்பு கிழிஞ்சிருந்தா அவங்க என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா?”

தோகுஜிரோ மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். இசோனோ அம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஏதோ பெரிய ஓட்டலுக்கென்று எடுத்துவைத்திருந்த மீனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். திருப்பிப் போடச் சொல்லி மறுபக்கமும் பார்த்தார். சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

அப்பாடா என்று மிசுஹோ பையை விரித்தாள்.

“கோவிச்சுக்காதம்மா” என்று அவளைச் சமாதானப்படுத்தினாள் இசோனோ. “பெத்த பொண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்புறதுன்னா சும்மாவா?”

“பெத்த பொண்ணு இல்லம்மா, மருமக” என்றார் தோகுஜிரோ. “என் பையன் செத்த பிறகும் இத்தனை வருஷம் என்கூடவே இருந்துட்டா. நாளைக்குப் போற எடத்துல, இவளுக்குன்னு கேக்க ஒரு ஆளும் இல்லன்னு யாரும் நெனச்சிடக் கூடாதில்ல.”