பழகிய வாய்

குஞ்சுகளுக்காக நெல் உரித்துக்கொண்டிருந்தாள் நொய்யம்மா எலி. வாசலில் பூனையின் தலை தெரிந்தது. நெல்லைப் போட்டுவிட்டு, மூன்று குஞ்சுகளையும் இழுத்துக்கொண்டு பானைக்குப் பின்னால் ஒடுங்கினாள். சத்தம் வராமல் அவற்றின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூனை மூலைமுடுக்கெல்லாம் மோந்து பார்த்தது. பானைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. பிறகு அலுத்துப்போய்த் திரும்பியது.

"ஒரு ஈ காக்கா இல்லை. நான் போறேன்."

சொன்ன சொல் அப்படியே பலிக்கும் ஊர் அது. "போறேன்" என்று சொல்லிப் போனவர் எவரும் அங்கே திரும்பி வந்ததில்லை.

நொய்யம்மாவுக்கு வாய் முந்திக்கொண்டது.

"அப்படிச் சொல்லக்கூடாதுங்க அண்ணே. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க."

வாசலைத் தாண்டிய கால் நின்றது.

"சரி தங்கச்சி," என்றது பூனை. "போயிட்டு வந்துட்டேன்."